கணக்கு வருது, காரணம் வரல: யூனில சயின்ஸ் படிக்கிறவங்க லாஜிக் பழகுறது எப்படி

ஜூனியர் காலேஜ்ல (ஜேசி) எச்2 மேத்ஸ்ல ஏ வாங்கிட்டு, இல்ல பாலிடெக்னிக்ல நல்ல ஜிபிஏ எடுத்துட்டு சிங்கப்பூர்ல என்யுஎஸ், என்டியு யூனிகள்ல சயின்ஸ் படிக்க வந்து உக்காருற தம்பி தங்கச்சிங்களுக்குத்தான் இது. முதல் செமஸ்டர் டியூட்டோரியல் ஷீட்ல "கண்டுபிடி"ன்னு இருந்தா பத்து நிமிஷத்துல முடிச்சுத் தள்ளிடுறீங்க, அதே ஷீட்ல "நிரூபி", "இந்த முடிவு சரியா, ஏன்?"ன்னு இருந்தா பேனா நின்னுடுது. டியூட்டோரியல் எடுக்குற நான் வருஷா வருஷம் பாக்குறது இதைத்தான், கெமிஸ்ட்ரி, லைஃப் சயின்ஸ், ஃபிசிக்ஸ், அட மேத்ஸ் மேஜர்லயும்தான். மூளை பத்தலன்னு யாரும் நினைச்சுக்காதீங்க. இத்தனை வருஷம் பழகினது ஒண்ணு, இங்க கேக்குறது வேற ஒண்ணு, அவ்ளோதான்.

நம்ம ஊர்ப் பிள்ளைங்களுக்குக் கணக்கு வராதுன்னு எவனாலயும் சொல்ல முடியாது. நாடுகளை ஒப்பிடுற 2022 பீசா டெஸ்ட்ல சிங்கப்பூரோட 15 வயசுப் பசங்க கணக்குல 575, சயின்ஸ்ல 561, ரெண்டுலயும் உலகத்துலயே முதல் இடம் (ஓஇசிடி நாடுகளோட கணக்குச் சராசரி 472தான்). ஆனா 2009ல சயின்ஸ் ஜர்னல்ல ஒரு ஆய்வு வந்துச்சு, அமெரிக்காவுலயும் சீனாவுலயும் யூனிக்குப் புதுசா வந்த சயின்ஸ், இன்ஜினியரிங் மாணவர்கள் ஆயிரக்கணக்கான பேரை வச்சுப் பாத்தாங்க. விசை, இயக்கம் பத்தின ஃபிசிக்ஸ் டெஸ்ட்ல சீன மாணவர்கள் சராசரி சுமார் 86, அமெரிக்க மாணவர்கள் 49. ஏன்னா சீனாவுல ஸ்கூல்லயே அஞ்சு வருஷம் ஃபிசிக்ஸ் போட்டுத் தேய்ச்சிருக்காங்க. அதே ஆளுங்களுக்கு லாசன் டெஸ்ட்னு பாடமே தேவைப்படாத, யோசனையை மட்டும் அளக்குற ஒரு டெஸ்ட் வச்சா ரெண்டு பக்கமும் கிட்டத்தட்ட 75! சிங்கப்பூர் அந்த ஆய்வுல இல்ல. ஆனா டென் இயர் சீரிஸை, அதான் பழைய பரீட்சைக் கேள்வித்தாள் தொகுப்பை, கரைச்சுக் குடிச்சிட்டு வந்த நமக்கு அதுல என்ன சேதின்னு யாரும் விளக்க வேண்டியதில்ல. பாடத்தை எவ்ளோ ஏத்தினாலும் காரணம் சொல்ற பழக்கம் கூடவே வந்து ஒட்டிக்காது, அதைத் தனியா உக்காந்து பழகணும்.

எங்க ஆரம்பிக்கிறதுன்னா, நாலு அட்டையில ஆரம்பிங்க. பீட்டர் வேசன்னு ஒரு மனோதத்துவ நிபுணர் 1966ல போட்ட புதிர் இது, நான் தமிழ் எழுத்துல மாத்திக்கிறேன். மேசை மேல நாலு அட்டை, ஒவ்வொண்ணுலயும் ஒரு பக்கம் எழுத்து, மறுபக்கம் எண். இப்ப உங்க கண்ணுக்குத் தெரியுறது அ, க, 4, 7. விதி என்னன்னா, ஒரு பக்கம் உயிரெழுத்து இருந்தா மறுபக்கம் இரட்டைப்படை எண் இருக்கணும். இந்த விதி மீறப்பட்டிருக்கான்னு தெரிஞ்சுக்க எந்தெந்த அட்டையைத் திருப்பியே ஆகணும்? கீழ படிக்காம முதல்ல ஒரு முடிவுக்கு வாங்க.

அ, 4ன்னு சொன்னீங்களா? அப்ப நீங்க பெரிய கூட்டத்தோடதான் இருக்கீங்க, பத்து பேர்ல ஒருத்தர் சரியாச் சொன்னா பெருசு. விடை அ, 7. 4க்குப் பின்னாடி உயிரெழுத்து இருந்தாலும் சரி, க மாதிரி வேற எழுத்து இருந்தாலும் சரி, விதிக்கு ஒண்ணும் ஆகாது, ஏன்னா இரட்டை எண்ணுக்குப் பின்னாடி உயிரெழுத்துதான் இருக்கணும்னு யாருமே சொல்லல. ஆனா 7க்குப் பின்னாடி ஒரு ஆ, இ இருந்துட்டா விதி அங்கயே காலி.

இப்ப அதே புதிரை கொஞ்சம் மாத்துறேன். நீங்க ஒரு காப்பிக் கடையில செக் பண்ண வந்த அதிகாரி. பியர் குடிக்கிறவர் 18 வயசு முடிஞ்சவரா இருக்கணும், அதான் விதி. நாலு பேர் உக்காந்திருக்காங்க, ஒருத்தர் கையில பியர், ஒருத்தர் கையில மைலோ, ஒருத்தருக்கு 25 வயசுன்னு தெரியும் ஆனா கிளாஸ்ல என்னன்னு தெரியல, இன்னொரு பையனுக்கு 16 வயசு, அவன் கிளாஸும் தெரியல. யாரைப் போய்ப் பாப்பீங்க? பியர்காரரோட அடையாள அட்டை, 16 வயசுப் பையனோட கிளாஸ். யோசிக்கவே தேவையில்லல்ல? 25 வயசுக்காரர் என்ன குடிச்சா நமக்கென்ன, விடுங்க. இந்த மாதிரி மாத்திக் கேட்டப்போ, 1982ல அமெரிக்காவுல செஞ்ச சோதனையில ஏறக்குறைய முக்கால்வாசி மாணவர்கள் சரியாச் சொல்லிட்டாங்க. லாஜிக் ரெண்டும் ஒண்ணேதான், இம்மி மாறல. ஆக திறமை உள்ள இருக்கு, வாழ்க்கையோட சம்பந்தமில்லாத அட்டை, எழுத்து, குறியீடுன்னு வந்தா அது எந்திரிக்க மாட்டேங்குது.

அதனால தியரம் எது வந்தாலும் முதல் வேலை, உங்களை அந்த செக் பண்ற அதிகாரியா நினைச்சுக்கோங்க, "இந்த விதியை மீறுறவன் எப்படி இருப்பான்?"ன்னு கேளுங்க. கால்குலஸ்ல வர்ற ஒண்ணையே எடுத்துக்கலாம். ஒரு தொடரோட கூட்டுத்தொகை ஒரு எண்ணுல போய் நின்னா அதோட உறுப்புகள் பூஜ்யத்தை நோக்கிப் போகும், இது தியரம். மிட்டர்ம்ல பாதிப் பேர் இதைத் தலைகீழாப் பிடிச்சிக்கிட்டு "உறுப்புகள் பூஜ்யத்துக்குப் போகுது, அதனால கூட்டுத்தொகை நிக்கும்"னு எழுதி வச்சிடுறாங்க. 1, அரை, மூணுல ஒண்ணு, கால்னு போற ஹார்மானிக் தொடர் அப்படியே சாட்சியா நிக்குது, உறுப்புகள் சுருங்கிட்டே போகும், கூட்டினா எல்லையே கிடையாது, 14ஆம் நூற்றாண்டுலயே ஒரெஸ்ம் இதை நிரூபிச்சிட்டார். லேப்லயும் இதே வியாதிதான். "என்ஸைம் செத்துட்டா கலர் வராது, கலர் வரல, ஆகவே என்ஸைம் செத்துடுச்சு"ன்னு ரிப்போர்ட்ல எழுதுறாங்க, ஏன் தம்பி, சப்ஸ்ட்ரேட் போட மறந்திருக்கலாம், பிஎச் தப்பா இருந்திருக்கலாம், மெஷின்ல அலைநீளம் மாத்தி வச்சிருக்கலாம். கன்ட்ரோல்னு, அதாவது என்ன வரணும்னு முன்னாடியே தெரிஞ்ச ஒரு சாம்பிள், ஒண்ணு வைக்கச் சொல்றதே இந்த ஓட்டையை அடைக்கத்தான், மார்க்குக்கு இல்ல. ஃபிசிக்ஸ்ல, மேல எறிஞ்ச பந்து உச்சியில ஒரு கணம் வேகம் பூஜ்யமாகும், உடனே முடுக்கமும் பூஜ்யம்னு எழுதுறது. அங்க ஈர்ப்பு லீவு போட்டிருக்கா என்ன? அப்பவும் 9.8தான்.

இதுக்கு ஒரு கைப்பழக்கம் இருக்கு, சின்னதுதான் ஆனா வேலை செய்யும். நோட்ஸ்ல எந்த தியரம், எந்த விதி எழுதினாலும் பக்கத்துல அம்புக்குறி போடுங்க, எதுல இருந்து எதுக்குன்னு. அடுத்து அம்பைத் திருப்பிப் போட்டா உண்மையா பொய்யான்னு ஒரு வார்த்தை எழுதுங்க, பொய்னா ஒரே ஒரு உதாரணம், அதை உடைக்கிற மாதிரி. ரெண்டு பக்கமும் "இல்ல" போட்டுத் திருப்பினா, அதாவது பின்னது இல்லன்னா முன்னதும் இல்ல, அது எப்பவும் உண்மைதான், 7ஆம் நம்பர் அட்டையைத் திருப்புறது அதுதான். ரிவிஷன்ல தியரத்தை நாலு தடவை படிக்கிறதுக்கு இந்த ஒரு வரி மேல்னு நான் சொல்வேன்.

"நிறைய உதாரணம் பாத்துட்டேன், எல்லாத்துலயும் வருது, அப்ப சரிதான்"ங்கிறது அடுத்த வில்லங்கம். ஒரு எண்ணை எடுங்க, அதோட ஸ்கொயர், கூட அந்த எண், கூட 41. பூஜ்யம் போட்டா 41, ஒண்ணு போட்டா 43, ரெண்டு போட்டா 47, மூணு போட்டா 53, எல்லாம் பகா எண். 39 வரைக்கும் போட்டுக்கிட்டே போங்க, அத்தனையும் பகா எண்தான், ஆய்லர் 1772லயே கவனிச்சது இந்த வகைச் சூத்திரம். 40 போட்டா 1681 வரும், அது 41 பெருக்கல் 41. நாப்பது தடவை சரியா வந்தது ஒரு நிமிஷத்துல கவுந்துடுச்சு பாருங்க. ஏன் 40ல கவுறும்னு கணக்குப் போடாமலே சொல்ல முடியுதான்னு ட்ரை பண்ணுங்க (40 இருக்குற ரெண்டு உறுப்புலயும் 40ஐ வெளிய எடுத்துப் பாருங்க, தெரிஞ்சிடும்). இதை ஸ்டடி குரூப்ல விளையாட்டாவும் பண்ணலாம், ஒருத்தர் மனசுல ஒரு விதி வச்சுக்கிட்டு "2, 4, 6 என் விதிக்குள்ள வரும்"னு சொல்லணும், மத்தவங்க மூணு மூணு எண்ணாச் சொல்லி விதியைப் பிடிக்கணும். எல்லாரும் 8, 10, 12, அப்புறம் 20, 22, 24ன்னு தன் யூகத்துக்குத் தோதானதையே கேப்பாங்க, 1, 2, 50ன்னு ஒருத்தரும் கேக்க மாட்டாங்க. விதி "ஏறுமுகமா இருக்கணும்" அவ்ளோதான். எம்ஆர்டில போறப்ப விளையாடலாம், காசு செலவில்ல.

வார்த்தையைச் சமன்பாடா மாத்துற இடத்துலயும் நிறைய பேர் வழுக்குறாங்க. "இந்த யூனில பேராசிரியர்களைப் போல ஆறு மடங்கு மாணவர்கள் இருக்காங்க." மாணவர் எண்ணிக்கை ம, பேராசிரியர் எண்ணிக்கை ப, சமன்பாடு எழுதுங்க. அமெரிக்காவுல 1980 வாக்குல முதல் வருஷ இன்ஜினியரிங் மாணவர்கள்கிட்ட கேட்டப்போ 37 சதவீதம் பேர் தப்பு, தப்பு பண்ணினவங்கள்ல பெரும்பாலானவங்க எழுதினது 6ம = ப. இங்கிலீஷ் வாக்கியத்துல ஆறு, மாணவர், பேராசிரியர்னு எந்த வரிசையில வந்துச்சோ அதே வரிசையில கொட்டிட்டாங்க. பேராசிரியர் 10 பேர்னு வச்சு ஒரு தடவை போட்டுப் பாத்திருந்தா மாணவர் ரெண்டு பேர்கூட இல்லன்னு வந்து சிரிப்பு வந்திருக்கும், சரியானது ம = 6ப. இதுல நமக்கு ஒரு சௌகரியம் இருக்கு, பிரைமரி ஸ்கூல்ல மாடல் போட்டுப் பழகின ஆளுங்க நாம. பேராசிரியருக்கு ஒரு கட்டம், மாணவருக்கு ஆறு கட்டம், படம் போட்டவுடனே எது பெருசுன்னு கண்ணுக்கே தெரியுது. யூனிக்கு வந்ததும் கட்டம் போடுறது சின்னப்பிள்ளை வேலைன்னு விட்டுடுறீங்க, விடாதீங்க லா. கெமிஸ்ட்ரில மோல் விகிதம், பயாலஜில டைல்யூஷன், எல்லாத்துக்கும் அந்தக் கட்டம் போதும்.

நிகழ்தகவுக்கும் இதே வைத்தியம்தான், சதவீதத்தைத் தூக்கிப் போட்டுட்டு ஆளுங்களை எண்ணுங்க. ஆயிரத்துல ஒருத்தருக்கு வர்ற நோய், நோய் உள்ளவரை டெஸ்ட் தவறாமப் பிடிச்சிடும், ஆனா நோய் இல்லாதவங்கள்ல 5 சதவீதத்துக்கும் பாசிட்டிவ் காட்டிடும். ஒருத்தருக்குப் பாசிட்டிவ் வந்துருக்கு, அவருக்கு நிஜமா நோய் இருக்க எவ்ளோ வாய்ப்பு? இதைக் கிட்டத்தட்ட இதே மாதிரி 1978ல ஹார்வர்ட் மருத்துவப் பள்ளியில டாக்டர், மாணவர்னு 60 பேர்கிட்ட கேட்டாங்க, அதிகம் வந்த விடை 95 சதவீதம், சரியாச் சொன்னது 11 பேர். ஆயிரம் பேரை நிக்க வைங்க. ஒருத்தருக்கு நோய், பாசிட்டிவ். மீதி 999ல சுமார் 50 பேருக்குச் சும்மா பாசிட்டிவ். 51 பேர்ல ஒருத்தர், அதாவது 2 சதவீதம். ஃபார்முலாவே வேண்டாம். பி-வேல்யூவும் இதே குடும்பம், 0.03 வந்துச்சுன்னா "நம்ம கருதுகோள் 97 சதவீதம் உண்மை"ன்னு அர்த்தமே இல்ல. விளைவே இல்லன்னு வச்சுக்கிட்டா இவ்ளோ பெரிய வித்தியாசம், இல்ல இதைவிடப் பெருசு, தற்செயலா வர்ற வாய்ப்பு 3 சதவீதம்னு மட்டும்தான் அது சொல்லுது. அம்பு எந்தப் பக்கம் பாக்குதுன்னு திரும்பவும் அதே கதை.

சிங்கப்பூர்ல இருந்துக்கிட்டு ஷெரில் பிறந்தநாளை விட முடியுமா? 2015 ஏப்ரல்ல உலகம் பூரா சுத்துச்சே, சாஸ்மோங்கிற கணக்கு ஒலிம்பியாட்ல செகண்டரி பசங்களுக்குக் கேட்டது. பத்துத் தேதி கொடுப்பாங்க, அதுல எது ஷெரிலோட பிறந்தநாள்னு கண்டுபிடிக்கணும்: மே 15, 16, 19, ஜூன் 17, 18, ஜூலை 14, 16, ஆகஸ்ட் 14, 15, 17. ஆல்பர்ட்டுக்கு மாசம் மட்டும் தெரியும், பெர்னார்டுக்கு நாள் மட்டும். ஆல்பர்ட் சொல்றான், எனக்குத் தெரியாது, ஆனா பெர்னார்டுக்கும் தெரியாதுன்னு எனக்குத் தெரியும். பெர்னார்ட், முதல்ல எனக்குத் தெரியல, இப்பத் தெரிஞ்சிடுச்சு. ஆல்பர்ட், அப்ப எனக்கும் தெரிஞ்சிடுச்சு. இதை விடைக்காகப் போடாதீங்க, ஒவ்வொரு வாக்கியம் முடிஞ்சதும் எந்தத் தேதி சாகுது, எதனால சாகுதுன்னு எழுதிப் பழகப் போடுங்க. 18, 19 ரெண்டும் ஒரே ஒரு தடவைதான் வருது, அந்த நாள் கையில இருந்தா பெர்னார்டுக்கு உடனே தெரிஞ்சிருக்கும். "தெரியாதுன்னு எனக்குத் தெரியும்"னு ஆல்பர்ட் அடிச்சுச் சொல்ல முடியுதுன்னா அவன் மாசத்துல 18ம் இல்ல 19ம் இல்ல, ஆக மே முழுசா அவுட், ஜூன் முழுசா அவுட். இங்கதான் ரொம்ப பேர் 18, 19 தேதியை மட்டும் அடிச்சிட்டு மாசத்தை விட்டுடுறாங்க. மீதி அஞ்சுல பெர்னார்ட் இப்பத் தெரியும்ங்கிறான், 14 ரெண்டு மாசத்துல இருக்கு, அது போச்சு. நிக்கிறது ஜூலை 16, ஆகஸ்ட் 15, 17. ஆல்பர்ட்டுக்கும் தெரியணும்னா ஆகஸ்ட்டா இருக்க முடியாது, ஜூலை 16. அந்த வருஷம் ஆகஸ்ட் 17னு அடம்பிடிச்சவங்க நிறைய பேர், அவங்க ஆல்பர்ட் யோசிச்சுக் கண்டுபிடிச்சதை யாரோ அவன் காதுல சொன்ன தகவலா எடுத்துக்கிட்டாங்க. யாருக்கு எது எப்பத் தெரியும்னு பிரிச்சுப் பாக்குற இந்த வேலைதான் ப்ரூஃப்ல "வைத்துக்கொள்வோம்"க்கும் "ஆகவே"க்கும் நடுவுல நடக்குது.

வரிசையும் முக்கியம். "ஒவ்வொரு மாணவருக்கும் பிடிச்ச ஒரு ஸ்டால் ஃப்ரான்டியர் கேண்டீன்ல இருக்கு", "ஃப்ரான்டியர்ல ஒரு ஸ்டால் இருக்கு, அது எல்லா மாணவருக்கும் பிடிக்கும்". முதல்ல உள்ளது நம்பலாம், ரெண்டாவது நடக்காது. லிமிட்டை நிரூபிக்கிற எப்சிலான்-டெல்டால மாட்டிக்கிற பாதிப் பேர் மாட்டுறது இந்த இடத்துலதான், டெல்டாவை எப்சிலானைப் பாத்ததுக்கு அப்புறம் எடுக்குறோமா முன்னாடியான்னு.

தோராயமா எண் போட்டு யோசிக்கிறதை நான் ரொம்ப வலியுறுத்துவேன், சயின்ஸ் படிக்கிறவங்களுக்கு அதான் சோறு. ஒண்ணு செஞ்சு காட்டுறேன். சிங்கப்பூர் சுமார் 735 சதுர கிலோமீட்டர், வருஷத்துக்கு மழை ஏறக்குறைய 2.1 மீட்டர். பெருக்கினா 150 கோடி கன மீட்டருக்கும் மேல, ஒரு நாளைக்குச் சுமார் 42 லட்சம். நாம எல்லாரும் சேந்து ஒரு நாளைக்குச் செலவழிக்கிறது 44 கோடி கேலன், அதாவது சுமார் 20 லட்சம் கன மீட்டர். மழை ரெண்டு மடங்கு இருக்கே, அப்ப எதுக்கு ஜோகூர்ல இருந்து வாங்கணும், எதுக்குக் கழிவுத் தண்ணியைச் சுத்தம் பண்ற நியூவாட்டர், எதுக்குக் கடல் தண்ணியைச் சுத்தம் பண்ணணும்? எண் சரி, முடிவு தப்பு, இப்ப நடுவுல எந்த அனுமானம் ஒளிஞ்சிருக்குன்னு தேடுங்க. பேஞ்ச மழையெல்லாம் பிடிச்ச மழைன்னு எடுத்துக்கிட்டோம். நிலத்துல மூணுல ரெண்டு பங்குதான் நீர்ப்பிடிப்புப் பகுதி, உடனே 28 லட்சமாக் குறையுது. அதுல ஆவியாகுறது, மரம் குடிக்கிறது, ஒரு மணி நேரம் கொட்டித் தீக்குற மழையில கடலுக்கு ஓடுறது, வறண்ட மாசத்துக்குச் சேத்து வைக்க ரிசர்வாயர்ல இடம் வேணுங்கிறது, ஒவ்வொண்ணா எடுத்தா 20 லட்சத்தைத் தொடுறதே சிரமம். வாரத்துக்கு ஒரு கேள்வி இப்படி எடுத்து, எண் போட்டு, முடிவு எழுதி, அப்புறம் அந்த முடிவைத் தாங்கி நிக்கிற அனுமானங்களை ஒண்ணு விடாமப் பட்டியல் போடுங்க. எந்த அசெஸ்மென்ட் புக்கும் இதைக் கத்துக் கொடுக்காது.

படிக்கிற விதத்துல மாத்த வேண்டியது ஒண்ணு. டியூட்டோரியல் விடையைப் பாத்து "ஓ ஆமா"ன்னு தலையாட்டுறது படிப்பு கிடையாது. விடையோட ஒவ்வொரு வரிக்கும் பக்கத்துல "இது ஏன்?"னு எழுதுங்க, காரணம் ஒரு வாக்கியத்துல வரலன்னா அங்கதான் உங்களுக்குப் புரியல. அப்புறம் விடையை மூடிட்டு, மறுநாள் வெறும் தாள்ல திரும்ப எழுதுங்க. ஒரு நிபந்தனையை எடுத்துட்டா ப்ரூஃப் எந்த வரியில விழும்னு பாருங்க, விழவே இல்லன்னா ஒண்ணு அந்த நிபந்தனை தேவையே இல்ல, இல்ல நீங்க எங்கயோ தூங்கிட்டீங்க.

சாட்ஜிபிடி பத்தி கேப்பீங்க. விடை கேக்காதீங்க, பழைய சங்கதிதான் திரும்பவும் நடக்கும். உங்க ப்ரூஃபைக் கொடுத்து "எந்த வரி உடையுது, உடைக்கிற உதாரணம் கொடு"ன்னு கேளுங்க, அது கொடுக்குற உதாரணம் நிஜமாவே உடைக்குதான்னு நீங்களே செக் பண்ணுங்க. தப்பான ப்ரூஃபையும் அது அழகா எழுதும், அதுல ஓட்டை கண்டுபிடிக்கிறதே நல்ல பயிற்சி.

கோர்ஸ் எடுக்குறதுன்னா என்யுஎஸ்ல எம்ஏ1100 இல்ல சிஎஸ்1231, என்டியுல எம்எச்1300, இதுல ப்ரூஃப் எழுதுறதை அடியில இருந்து சொல்லித் தருவாங்க. மேத்ஸ் மேஜர் இல்லாதவங்களும் எலக்டிவா எடுக்கப் பாக்கலாம், இடம் கிடைக்குமான்னு முன்கூட்டியே விசாரிச்சிக்கோங்க. கிரேடு பயமா இருந்தா எந்தெந்த கோர்ஸுக்கு எஸ்/யூ (கிரேடுக்குப் பதிலா பாஸ், ஃபெயில் மாதிரி மட்டும்) போடலாம்னு உங்க யூனி விதியைப் பாத்துட்டு முதல் வருஷத்துலயே எடுத்துடுங்க, மூணாவது வருஷம் லேப், கடைசி வருஷ ப்ராஜெக்டுக்கான (எஃப்ஒய்பி) வேலைன்னு ஓடுறப்ப இதுக்கெல்லாம் நேரமே இருக்காது. இடம் கிடைக்கலன்னா கவலைப்படாதீங்க, செமஸ்டர் நடுவுல வர்ற லீவு வாரமான ரெசஸ் வீக்ல ரெண்டு மூணு பேரா லைப்ரரில ஒரு டிஸ்கஷன் ரூம் புக் பண்ணி, ஆளுக்கொரு தியரம் எடுத்து போர்டுல எழுதுங்க, மத்தவங்க வேலை ஒவ்வொரு வரியிலயும் நிறுத்தி "ஏன்?"னு கேக்குறது மட்டும்தான். பதில் வராத வரிகளை ஒரு தாள்ல குறிச்சு வச்சு, அடுத்த வாரம் ஆஃபீஸ் அவர்ல ப்ரொஃப்கிட்ட கொண்டு போங்க, "இந்தக் கேள்விக்கு விடை என்ன"ன்னு வர்ற மாணவரைவிட "இந்த வரியில இருந்து அடுத்த வரிக்கு எப்படிப் போனீங்க"ன்னு வர்றவங்களுக்கு அவங்க நேரம் பாக்காம சொல்லிக் கொடுப்பாங்க.